நாற்பத்தொரு சனிக்கிழமைகள்

ஆவணி பிறந்து முதல் செவ்வாய்க்கிழமை. திருவொற்றியூர் பச்சையம்மன் ஒர்க்ஸ் வாசலில் பொழுது விடியுமுன்பே தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, மாவிலையும் கட்டிவிட்டார்கள். கல்யாணம் ஒன்றும் இல்லை. வரப்போகிறவர் மாப்பிள்ளையும் இல்லை. போன வாரம் தபாலில் வந்த காக்கிக் கவரைப் பிரித்ததும் மலர்க்கொடியின் முகம் ஏன் அப்படி வெளுத்துப்போனது என்று கேட்டு எழுதிய வாசகிகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இன்றைக்கு அது ஊருக்கே தெரியப்போகிறது.

கவரில் இருந்தது இரண்டே வரிதான். சர்க்கார் பயிற்சி ஆபீசிலிருந்து மாசிலாமணி என்கிறவர் செவ்வாய் காலை பதினோரு மணிக்கு வருகிறார். பர்மாவிலிருந்து வந்து பத்து மாதமாக இந்தப் பட்டறையில் லேத்து வேலை பழகும் மவுங் சேனுக்குப் பரீட்சை வைப்பார், வாராந்தரப் பதிவேட்டையும் பார்ப்பார்.

அந்தப் பதிவேடு மலர்க்கொடியின் கையெழுத்தில் இருந்தது.

பட்டறை முதலாளி குமாரவேல் மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவர் மகன் பரசுராமனுக்குத் தெரியும், ஆனால் எழுத உட்காரப் பொறுமை கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. படித்த மருமகள் மலர்க்கொடி வீட்டுக்கு வந்ததும் பேனா அவள் கைக்குப் போய்விட்டது. ரங்கூன் அரிசி மில்லில் மேஸ்திரியாக இருந்து, சண்டை சமயத்தில் நடந்தே ஊர் திரும்பியவர் குமாரவேல். பர்மாக்காரப் பையனைப் பழக்க பர்மா பாஷை தெரிந்த ஆள் என்று சர்க்காரும் அவரைத் தேடி வந்தது. அவருக்குத் தெரிந்த பர்மா பாஷை என்னவோ 'தூக்கு', 'கொண்டா', 'சீக்கிரம் போ' என்பதோடு சரி. அதைச் சர்க்கார் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சர்க்காருக்குக் கொடுக்க வேண்டிய உறுதிப் பத்திரத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னவளும் மலர்க்கொடிதான். தங்க இடமும் சாப்பாடும் கௌரவமாகத் தர வேண்டும். இருப்பிடம் மாறினால் ஒரே நாளில் போலீசுக்குச் சொல்ல வேண்டும். நோய் நொடி என்றால் முதலாளி பொறுப்பு. கூலியாளாக வைத்துக்கொள்ளக் கூடாது, முதல் மாதம் முடிவதற்குள் லேத்தில் நிறுத்திப் பழக்க வேண்டும்.

"அதெல்லாம் நம்ம கைல கீது. கையெழுத்து எங்க போடணும், காட்டு" என்றார் மேஸ்திரி.

சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தை மாதம் சேனுக்குக் காய்ச்சல் வந்தபோது மாமியார் பவுனம்மாள் மூன்று நாள் தன் வீட்டு வேலையை விட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்குப் புது வேட்டி, மாசித் தேருக்குப் புதுச் சட்டை. பெற்ற பிள்ளைக்குக்கூட அப்படிச் செய்ததில்லை. லேத்தில் மட்டும் நிறுத்தவில்லை.

அதற்குக் காரணம் பட்டறை வழக்கம். புதிதாக வந்தவன் எவனும் விஜயதசமி அன்றுதான் லேத்தைத் தொடலாம். அன்றைக்கு மேஸ்திரி இரும்பைச் சீவும் பைட்டை வெற்றிலை மேல் வைத்து, சந்தனம் இட்டு, அவன் கையில் கொடுப்பார்; 'கை வாங்குவது' என்று அதற்குப் பெயர். அதுவரை இரும்புச் சீவலைக் கூட்டலாம், மசகு போடலாம், சுமக்கலாம். கடைசல்காரன் தாவூது அப்படித்தான் வாங்கினான். உனக்கு எதுக்குடா இதெல்லாம் என்று கேட்ட தன் அம்மாவிடம், "பட்டறை வழக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவன் அவன். பதினோரு வருஷமாக இந்தப் பட்டறையில் ஒருத்தன் விரல்கூடப் போனதில்லை என்பது மேஸ்திரியின் பெருமை.

சேன் வந்து இறங்கியது போன வருஷம் விஜயதசமி முடிந்து ஐந்து வாரம் கழித்து. அவன் திரும்பும் கப்பல் செப்டம்பர் ஐந்தாம் தேதி. இந்த வருஷ விஜயதசமி அக்டோபர் கடைசியில்.

இதை யாரும் கணக்குப் போடவில்லை என்று எழுதினால் மலர்க்கொடியைக் காப்பாற்றியது ஆகிவிடும். அவள் போட்டாள். சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்த அன்றே பார்த்துவிட்டாள். புருஷனிடம் சொன்னாள். "நைனாகிட்ட யாரு சொல்றது? நீ சொல்லேன்" என்றான் பரசுராமன். அவள் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையும் பேனாவை எடுத்து, 'லேத்து வேலை, பத்து மணி நேரம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள்.

என்ன வேலை என்றும் எழுத வேண்டுமே, அதற்குப் பரசுராமன் ஒரு கிழிந்த பாடப் புத்தகம் கொடுத்திருந்தான். அதிலிருந்து வாரம் ஒரு பாடமாக வரிசை தவறாமல் காப்பி அடித்தாள். முதல் சனிக்கிழமை மட்டும் மாமனாரை ஒரு வார்த்தை கேட்டாள். "லேத்தாண்ட நின்னான் இல்ல, அதுவும் லேத்து வேலைதாம்மா. எழுது" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

* * *

பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் சேன் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். இருபத்து நாலு வயது. பட்டறையில் கற்றுக்கொண்ட ஒரே வித்தை தமிழ், அதுவும் தாவூதின் தமிழ்.

மலர்க்கொடி காப்பி டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்தாள்.

"அண்ணி, இன்னிக்கு ஆபீசர் இன்னா கேப்பாரு?"

"ஏதாவது கடைஞ்சு காட்டச் சொல்லுவாரு."

சேன் தன் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "பத்து மாசமா தாவூது அண்ணன் செய்றதப் பாத்துகினே கீறேன். கண்ணுக்கு எல்லாம் தெரியுது. கைக்குத்தான் ஒண்ணும் தெரிலே."

அவள் டம்ளரை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சர்ட்டிபிகேட் இல்லாம போனா ரங்கூன் கப்பல் யார்டுல என்னிய மறுபடியும் மூட்ட தூக்க வுட்டுடுவாங்கோ" என்றான். "எங்கம்மா தெருவுல எல்லாராண்டயும் சொல்லிகினு கீது. எம்புள்ள மெட்ராசுல லேத்து கத்துக்கறான்னு."

"சேன், அந்தப் பதிவேட்டுல நீ வாரா வாரம் கையெழுத்துப் போட்டியே. படிச்சுப் பார்த்துத்தான் போட்டியா?"

"படிச்சேன் அண்ணி. அவ்ளோ இங்கிலீஷ் தெரியும்."

"பொய்யின்னு தெரிஞ்சுமா போட்டே?"

அவன் சிரித்தான். குத்திக்காட்டுகிற சிரிப்பு இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "மேஸ்திரி சொன்னாரு, விசயதசமி வரும், அப்பாலிக்கா எல்லாம் நீதான்னு. சரி, அண்ணி முன்னாடியே எழுதி வெக்கிறாங்கோ, அப்பறம் நாம கத்துக்கினு சரி பண்ணிக்கலாம்னு நெனைச்சேன். எப்ப வரும்னு எனக்குத் தெரிலே. உங்களுக்குத் தெரியும் இல்ல?"

தெரியும் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. காப்பி ஆறுது, குடி என்றாள். அதற்கு வாய் வந்தது.

* * *

மாசிலாமணி ஒல்லியான மனிதர். மாவிலையை நிமிர்ந்து பார்த்தார், எலுமிச்சம்பழத்தை வாங்கி மேஜை மேல் வைத்தார், பவுனம்மாள் சுட்ட வடையை வேண்டாமென்றார். பதிவேட்டை மட்டும் ஒரு பக்கம் விடாமல் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கு. நாற்பத்தொரு வாரம், நானூற்றுப் பத்து மணி நேரம் லேத்து வேலை" என்றார். "இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் எங்கேயும் பார்த்ததில்லை மேஸ்திரி."

குமாரவேல் துண்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். கதவோரம் சோடா தட்டோடு நின்ற மலர்க்கொடிக்கு உடம்பெல்லாம் கூசியது. பாராட்டு தனக்கு என்று தெரிந்து அதற்காகவே செத்துப்போகலாம் போலிருந்தது.

ஆபீசர் ஒரு சாண் இரும்புத் தடியைச் சேனிடம் நீட்டினார். "இதை முக்கால் அங்குலத்துக்குக் கடைஞ்சு காட்டு. அவசரமில்லை."

சேன் ஒரு கணம் மேஸ்திரியைப் பார்த்தான். அவர் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேன் லேத்திடம் போனான். ஏலத்தில் எடுத்த பழைய சீமை லேத்து, அன்றைக்குத்தான் அதற்கும் குங்குமம் வைத்திருந்தார்கள். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் தடியைச் செருகினான். தாவூது செய்வதைப் போலவே சாவியைப் போட்டு முறுக்கினான். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் சுவிட்சில் கை வைத்தான்.

"டேய்" என்று ஒரு சத்தம். தாவூது பாய்ந்து சேனின் தோளைப் பிடித்து இழுத்துவிட்டான். முறுக்கின சாவி சக்கிலேயே இருந்தது. லேத்து சுற்றியிருந்தால் அந்த ஒரு ராத்தல் இரும்பு தெறித்து எவன் மண்டையைப் பிளந்திருக்குமோ.

மாசிலாமணி மெதுவாகச் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். "முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நானூற்றுப் பத்து மணி நேரம் பழகின ஆள் இதை மறக்கமாட்டான். என்னப்பா நடந்தது?"

சேன் தலையைக் குனிந்துகொண்டான். மலர்க்கொடி காத்திருந்தாள். இப்போது சொல்லிவிடுவான், எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று. சொல்லட்டும், சொன்னால் தானும் தப்பித்தோம் என்றுகூட அவள் மனசு ஓடியது.

"தப்பு என்னுது சார்" என்றான் சேன். "நான் ஒழுங்கா வேலைக்கு வரல. பீச்சாண்ட போய்ட்டேன். மேஸ்திரி கூப்ட்டாரு, நான் கேக்கல."

"பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருக்கியே?"

"பொய்க் கையெழுத்து சார். நாந்தான்."

தின்ற சோற்றுக்காக அவன் சொன்ன பொய் அது. குமாரவேல் மேஸ்திரி துண்டின் நுனியை முறுக்கினார், அவிழ்த்தார், மறுபடியும் முறுக்கினார். பெரிய மனுஷர், ஊரில் நாலு பேர் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுகிறவர், ஒரு அயலூர்ப் பிள்ளை தன் பழியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆபீசர் பேனாவைத் திறந்தார். "அப்படின்னா நான் எழுத வேண்டியது ஒன்றுதான். அக்கறை இல்லாதவன், பொய் சொல்கிறவன், தொழிலுக்கு லாயக்கில்லை. இது உன் கூடவே ரங்கூனுக்கு வரும், தெரியுமா?"

"தெரியும் சார்."

சோடா தட்டு மேஜை மேல் வந்து விழாத குறையாக இறங்கியது.

"அவர் ஒரு நாளும் பீச்சுக்குப் போனதில்லை சார்" என்றாள் மலர்க்கொடி. "ஏழு மணிக்கு முன்னாடியே வந்து நிப்பார். லேத்தைத் தொட விடல. அந்தப் பதிவேடு முழுக்க நான் எழுதினது. எல்லாம் பொய்."

"கொடி" என்றார் மாமனார். குரல் உயரவில்லை.

மாசிலாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யார் எழுதச் சொன்னது?"

மாமனாரைக் கைகாட்டலாம். புருஷனைக் கைகாட்டலாம், அவன் ஞாயிற்றுக்கிழமையே எண்ணூருக்கு லாஞ்சுப் படகு ரிப்பேருக்குப் போய்விட்டான், வசதியாகப் போயிற்று. மலர்க்கொடி இரண்டையும் நினைத்தாள், நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"எழுதாதேன்னு சொல்ல வேண்டியவ நான்தான் சார். பத்திரத்தைப் படிச்சவ நான் ஒருத்திதான்."

ஆபீசர் மேஸ்திரியிடம் திரும்பினார். "சோறு போட்டீங்க, துணி எடுத்துக் கொடுத்தீங்க, வைத்தியம் பார்த்தீங்க. விருந்தாளிக்கு அது போதும். இவன் விருந்துக்கு வரலை மேஸ்திரி. ஒரு தேசம் தன் பிள்ளையை இன்னொரு தேசத்தை நம்பி அனுப்பியிருக்கு. அந்த நம்பிக்கை உங்க கையெழுத்திலே நிற்குது."

எழுதத் திறந்த பேனாவை மூடினார். "இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளிக்கிழமை வருவேன். இதே தடி, இதே அளவு. இவன் கடைஞ்சான்னா அதை எழுதுவேன். கடையலைன்னா உங்களைப் பத்தி எழுதுவேன், இவனைப் பத்தி இல்லை. பதிவேடு பத்திரமா இருக்கட்டும். ஒரு பக்கம் குறையக் கூடாது."

எலுமிச்சம்பழம் மேஜை மேலேயே இருந்தது. அதை அவர் எடுத்துப் போகவில்லை.

* * *

மத்தியானம் வஞ்சிர மீன் குழம்பு அடுப்பிலேயே ஆறியது. ஆபீசருக்கென்று வாங்கின மீன்.

"பத்து பேர் முன்னாடி வூட்டு மானத்த வாங்கிட்டியே கொடி" என்றாள் பவுனம்மாள். கோபம்கூட இல்லை, அழுகைதான். "அந்தப் புள்ளைக்கு நான் இன்னா கொற வெச்சேன்? எம்புள்ளைக்கு மேல பாத்துக்கினேன்."

"நீங்க வெக்கல அத்தே. அவரு சோத்துக்கு வரல, அதான்."

"அத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? இன்னிக்கு எல்லாரையும் காட்டிக் குடுத்துட்டு நீ மட்டும் யோக்கியமாய்ட்ட."

மலர்க்கொடிக்குச் சுருக்கென்றது. மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் சொன்னது சரிதான். சித்திரையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு மாதம் கிடைத்திருக்கும் அவனுக்கு. நாற்பத்தொரு பொய்யை எழுதிவிட்டு ஒரு நிஜத்தைச் சொன்னவளை யாராவது தைரியசாலி என்று சொன்னால் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? நல்ல வேளை, யாரும் சொல்லவில்லை.

மேஸ்திரி சாப்பிட வரவே இல்லை. பட்டறையில் ஒரு பலகை மேல் உட்கார்ந்திருந்தார். தாவூது போய்க் கூப்பிட்டதற்கு, "பாத்தியா? கை வாங்காம லேத்த தொட்டான், தல போவப் பாத்துச்சு" என்றாராம்.

தாவூது அவருக்கு எதிர்வார்த்தை பேசிப் பழக்கம் இல்லாதவன். "கை வாங்காததால இல்ல நைனா. சாவிய எடுன்னு நாம சொல்லாததால" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

* * *

நாலரை மணிக்கு மில் சங்கு ஊதி ஓய்ந்தபோது குமாரவேல் எழுந்து போய்க் குழாயடியில் கை கால் கழுவினார். உள்ளே வந்து, யாரையும் பார்க்காமல், "கொடி, வெத்தலபாக்கு எடுத்துகினு வா. அந்தப் புள்ளையையும் கூப்புடு" என்றார்.

பவுனம்மாள் திடுக்கிட்டாள். "இன்னிக்கா? செவ்வாக்கெழம. இன்னா நாளுன்னு பாத்தியா?"

"பாக்கல" என்றார் மேஸ்திரி.

லேத்துக்கு முன்னால் நின்றார்கள். தாவூது பைட்டைத் துடைத்துக் கொடுத்தான். மேஸ்திரி அதை வெற்றிலையில் வைத்து, சந்தனம் இட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். பதினோரு வருஷத்தில் விஜயதசமி தவிர வேறு நாளில் அந்தக் கை அதைச் செய்ததில்லை.

சேன் கையை நீட்டவில்லை.

"வாங்கிக்கோப்பா" என்றார் மேஸ்திரி. பிறகு, அவருக்கே கேட்காத குரலில், "கோச்சிக்காத" என்றார்.

"கோவம் இல்ல மேஸ்திரி. பத்து நாள் கீது" என்றான் சேன். "பத்து நாள்ல இன்னா கத்துக்கறது, எத மொதல்ல கத்துக்கறதுன்னு எனக்குத் தெரிலே. தாவூது அண்ணனுக்குக் கை வேல தெரியும், சொல்லத் தெரியாது."

மலர்க்கொடியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணி, அந்தப் புஸ்தகம் எடுத்துகினு வாங்க. நீங்க எழுதினது. மொதல் சனிக்கெழமலேந்து படிங்க. அதுல இன்னா கீதோ அத நான் செய்றேன்."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். இவர்கள் எல்லார் முன்னாலும், தான் எழுதின ஒவ்வொரு பொய்யையும், தன் வாயால், சத்தமாக. காலையில் 'எல்லாம் பொய்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது எவ்வளவு சுலபம் என்று இப்போது தெரிந்தது.

"ஒரு நாளைக்கு நாலு பக்கம்" என்றான் சேன். "அப்ப சரியா வரும். வராதா?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுக் கேட்டான்.

மலர்க்கொடி போய்ப் பதிவேட்டை எடுத்துவந்தாள். நாற்பத்தொரு பக்கம். வெள்ளிக்கிழமை ஆபீசர் வருவார். எண்ணூரிலிருந்து பரசுராமன் நாளைக்குத் திரும்புவான், நைனாவும் பெண்டாட்டியும் செய்துவைத்திருப்பதைக் கேட்டு அவன் என்ன குதிக்கப்போகிறானோ, இன்னும் யாருக்கும் தெரியாது. அவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். நவம்பர் பதின்மூன்றாம் தேதி. அவளுடைய அழகான கையெழுத்து. அதற்குக் கீழே பர்மா எழுத்தில் அவன் போட்ட வட்ட வட்டமான கையெழுத்து.

இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் படிக்கத் தொடங்கினாள்.

"முதல் வாரம். சக்கில் இரும்பைப் பொருத்துதல். முறுக்கியதும்..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது. மேஸ்திரி தலையை நிமிர்த்தினார்.

"சொல்லுங்க அண்ணி" என்றான் சேன்.

"முறுக்கியதும் சாவியைக் கழற்றி வைத்தல். பயிற்சி பெறுபவர் இதை நன்றாகக் கற்றுக்கொண்டார்."

காலையில் ஆபீசர் எடுத்து வைத்த சாவி இன்னும் மேஜை மேலேயே, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. குமாரவேல் மேஸ்திரி வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தச் சாவியை எடுத்துவந்து, சேனின் கையில் கொடுத்தார். இந்தத் தடவை அவன் வாங்கிக்கொண்டான்.

"இன்னொரு தபா படிங்க" என்றான்.

மலர்க்கொடி மறுபடியும் முதல் வரியிலிருந்து படித்தாள்.